ஆச்சிக்குக் கறுப்பு வயர் ஆகாது

வண்டியில் வாக்கிடாக்கி செட் மாட்டுகிற தொழிலில் செட்டைப் பற்றி யாரும் சண்டைக்கு வருவதில்லை, வயரைப் பற்றித்தான் வருவார்கள். செட் கண்ணுக்குத் தெரிகிறது, நம்பர் மின்னுகிறது, பட்டனை அமுக்கினால் பேசுகிறது. வயர் வண்டித் தரைப் பாயின் அடியில் மறைந்துவிடுகிறது. மறைகிற சாமானுக்கு ஏன் இத்தனை தடிமன், ஏன் இத்தனை நேரம், இங்கே ஒரு பியூஸ் அங்கே ஒரு பியூஸ் எதற்கு என்று கேட்பார்கள். ஏர்கோன் மாட்டுகிறவர்கள், அலாரம் மாட்டுகிறவர்கள், வீட்டு வயரிங் செய்கிறவர்கள் எல்லாரும் இதற்குப் பதில் சொல்லியே வாய் வலித்தவர்கள்தான். உங்களுக்குச் சொன்னால் புரியும்.

சுங்கை பினாங்கில் பிளாட்டுக்குக் கீழே எங்கள் கடை. நானும் கலா அக்காவும் கூட்டு. அக்கா பல வருஷம் எலக்ட்ரானிக் பாக்டரியில் லைன் சூப்பர்வைசராக இருந்துவிட்டு வந்தவர். சால்டர் வைப்பதும் சோதித்துப் பார்ப்பதும் அவர், வெளிவேலை நான். கீழே சொல்லியிருப்பதெல்லாம் ஒரே வேலையில் பட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் மாக் மண்டினில் வள்ளியம்மை ஆச்சி என்று ஒரு செட்டிநாட்டு அம்மா கம்பெனி வேன் சர்வீஸ் நடத்துகிறார். பாக்டரிப் பெண்களை ஷிப்டுக்கு ஏற்றி இறக்குகிற வேன்கள். புதிதாக ஆறு ரீகண்டிஷன் வேன், பழசைச் சரிபண்ணி விற்பது, எடுத்திருந்தார். ஆறுக்கும் செட், ஆபீசில் ஒரு பேஸ் செட். லைசன்ஸ் எல்லாம் அவரே வாங்கி வைத்துவிட்டார். நான் மாட்டிக் கொடுத்தால் போதும்.

டயர் என்ன நிறம்?

செட்டின் டப்பாவிலேயே பவர் வயர் வரும். சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. இரண்டிலும் பேட்டரிப் பக்கத்து முனையில் ஆளுக்கொரு பியூஸ். எந்த ஊர் வண்டியாக இருந்தாலும் சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். பாஷை தெரியாதவன்கூட நிறத்தைப் பார்த்து மாட்டிவிடலாம். முதல் நாள் நான் அந்த வயரைப் பிரித்து நீட்டியதுமே ஆச்சி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிட்டே வந்தார். "கறுப்பு ஆகாது தம்பி. பூஜை போடப்போற வண்டி" என்றார்.

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஆச்சி உள்ளே போய் ஒரு ரோல் வயரைத் தூக்கிவந்து மேசையில் வைத்தார். முந்தின நாளே ஹார்ட்வேர் கடை முதலாளி, சீனத் தவுக்கேயிடம் வாங்கி வைத்திருக்கிறார். நல்ல தடிமன், அசல் செம்பு, குறை சொல்ல இடமில்லை. ஆனால் ரோல் முழுக்கச் சிவப்பு. பிளஸுக்கும் அதுதான், மைனஸுக்கும் அதுதான். மைனஸ் முனையில் மஞ்சள் டேப் சுற்றி அடையாளம் வைப்பது என்று ராசியானோம். மஞ்சளும் மங்களம்தானே என்று ஆச்சிக்கு ஏக சந்தோஷம்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. இருந்தும் தலையாட்டினேன், ஆறு வேன் வேலையை யார் விடுவார்கள்? டப்பாவில் வந்த சிவப்பு கறுப்பு வயர்களை பியூஸோடு சேர்த்துக் கடைக்குத் திருப்பி எடுத்துப்போனேன். போவதற்கு முன்னால் கடைசி முயற்சியாக, "டயரும் கறுப்புதானே ஆச்சி, அதை என்ன பண்றது?" என்று கேட்டேன்.

"டயர் ரோட்டுல ஓடுது தம்பி. அதைத் தூக்கி மடியிலயா வச்சிருக்கோம்?"

பாடி விவகாரம்

மறுநாள் ஆபீஸ் வாசலில் நின்று கலா அக்காவுடன் போனில் பேசிக்கொண்டிருந்தேன். அந்த வேன்களில் ஒன்றில் முன்பு யாரோ ஒரு செட் மாட்டிக் கழற்றியிருந்தான். வண்டியின் இரும்பு உடம்பு முழுவதும் மைனஸ்தான். அதனால் சோம்பேறி வயர்மேன் மைனஸ் வயரை பேட்டரி வரைக்கும் இழுக்காமல் பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒரு திருகில் கட்டிவிடுவான். நாளாவட்டத்தில் அந்தத் திருகு துருப்பிடிக்கும், செட் கரகரக்கும், சூடேறும். நாங்கள் இரண்டு வயரையும் பேட்டரிக்கே கொண்டுபோவோம். இதைத்தான் அக்காவிடம் என் பாஷையில் சொன்னேன்: "முன்னாடி உள்ளவன் பாடியிலதான் புடிச்சிருக்கான்க்கா. சீட்டுக்கு அடியில. பாடி முழுக்கத் துரு. நான் தொடலை, அப்படியே விட்டுட்டேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், ஆச்சி தேத்தண்ணி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, சீட்டுக்கு அடியில் யாருடைய பிணம் தம்பி என்கிறார். பாடி என்றால் வண்டியின் உடம்பு என்று விளக்கி, சீட்டைத் தூக்கிக் காட்டி, திருகையும் காட்டின பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தும் சந்தேகம் முழுசாகத் தீரவில்லை.

"ரீகண்டிஷன் வண்டின்னாலே எனக்கு ஒரு இதுதான் தம்பி. ஆளு செத்த வண்டியான்னு நான் நேராவே கேட்டேன், வித்த ஆளு கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்றேன்னு சொன்னாரு."

பத்தரைக்கு ராகு காலம்

ஐந்து வேன் வியாழக்கிழமைக்குள் முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் பூஜை. அய்யர் வந்து, தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஆறு செட்டையும் ஒரே நேரத்தில் ஆன் பண்ணி, ஆச்சி பேஸ் செட்டிலிருந்து முதல் வார்த்தை பேச வேண்டும். எல்லாம் பத்தரைக்குள். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். ஆறாம் நம்பர் வேன் மட்டும் ரோட் டாக்ஸ் வேலையில் மாட்டிக்கொண்டு அன்றைக்குக் காலை ஒன்பதேகாலுக்குத்தான் வந்து நின்றது. ஓட்டிக்கொண்டு வந்தவன் செல்வம். நாற்பது வயதுக்காரன், வாய் மூடாதவன், நெஞ்சில் கள்ளமில்லாதவன்.

இந்த மாதிரி வேன்களில் பேட்டரி முன்பக்க இடது சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைக் கழற்றி, வயர் இழுத்து, முனை அடித்து, ஏரியலைக் கூரையில் காந்தத்தோடு உட்காரவைத்து முடிப்பதற்குள் பத்து இருபது. தனியாக வாங்கிவந்த பன்னிரண்டு பியூஸ் ஹோல்டரில் பதினொன்றைப் போட்டாயிற்று. பன்னிரண்டாவது, அவசரத்தில் அழுத்தி மூடியதில் என் கையிலேயே விரிந்துபோயிற்று. மூன்று வெள்ளி விலைச் சாமான். டப்பாவில் வந்த நல்ல ஹோல்டர்கள் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம், சுங்கை பினாங்கில் இருக்கின்றன. பிளஸில் பியூஸ் ஏற்கனவே போட்டாகிவிட்டது. மைனஸுக்குத்தான் இல்லை. அய்யர் மணியடிக்க ஆரம்பித்துவிட்டார், ஆச்சி கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

மைனஸ் வயரை பியூஸ் இல்லாமல் நேராக ஜாயிண்ட் அடித்து, டேப் சுற்றி, பேட்டரியில் முடுக்கினேன். செட்டின் தாங்கியை டேஷ்போர்டுக்கு அடியில் நான்கு திருகில் இரண்டு போட்டு நிறுத்தினேன். பத்து இருபத்தெட்டுக்கு ஆறு செட்டும் ஒன்றாகப் பேசின. எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் கை தட்ட வரவில்லை. செல்வத்தை ஓரமாகக் கூப்பிட்டு, உன் வண்டியில் ஒரு சின்னப் பாக்கி இருக்கிறது, நாளைக்கு வந்து முடித்துவிடுகிறேன் என்றேன். பரவாயில்லை என்று மலாயில் மூன்றே வார்த்தை சொல்லி என் மனசைக் கழுவிவிட்டான்.

"தாக் அப்பா லா அண்ணே!"

கலா அக்காவின் பை

கடைக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் அவர் பியூஸ் ஹோல்டரை எண்ணுவார். பிளஸில் பியூஸ் இருக்கிறதே அக்கா, மைனஸில் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று நான் கொஞ்சம் சவடாலாகக் கேட்டேன். அக்கா சால்டர் இரும்பைக் கீழே வைத்தார். அவர் அதைக் கீழே வைத்தால் பாடம் நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

"செட்டோட இரும்பு உடம்பும் மைனஸ் வயரும் உள்ளுக்கு ஒண்ணுதான். ரெண்டு வயரையும் எவனாவது மாத்தி மாட்டிட்டான்னு வை, பிளஸ்ல இருக்கிற பியூஸ் போயிடும், செட்டு செத்துடும். ஆனா செட்டு உடம்பு அப்படியே பிளஸா நிக்கும். அது வண்டி இரும்புல எங்கயாவது பட்டுச்சுன்னா மொத்த பேட்டரியும் பியூஸ் இல்லாத அந்த வயர் வழியாத்தான் ஓடும். அதுலயும் ரெண்டு வயரும் செவப்பு" என்றார். மஞ்சள் டேப் இருக்கிறதே என்றேன். சீட்டுக்குக் கீழே பேட்டரி, பக்கத்திலேயே இஞ்சின், அந்தச் சூட்டில் டேப் எத்தனை நாளைக்கு ஒட்டியிருக்கும் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும். 

இரண்டு பியூஸ் ஹோல்டரையும் நான்கு திருகையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, என் மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் முடிச்சுப் போட்டுக் கட்டினார்.

"காத்துல ஆடுறதைப் பாத்தாவது உனக்கு ஞாபகம் வரட்டும் லோகா."

மூச்சு முட்டிய பேஸ் செட்

பை ஆடியது. சனிக்கிழமை பெர்ரிக் கப்பல் ஏறிப் போனேன், ஆறாம் நம்பர் வேன் கெப்பாலா பத்தாஸுக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை வேறொரு வேலை. புதன்கிழமை போனபோது செல்வம் லீவு, வண்டி சாவி அவன் வீட்டில். சரி, வந்ததற்கு ஆபீசையாவது எட்டிப் பார்ப்போம் என்று போனால், ஆச்சியின் பேஸ் செட் அரைமணிக்கொரு தடவை தானாகவே அணைந்துபோகிறது என்று புகார்.

வீட்டுக் கரண்டை பேட்டரிக் கரண்டு மாதிரி மாற்றிக் கொடுக்கிற பவர் சப்ளைப் பெட்டி ஒன்று பேஸ் செட்டுக்குப் பின்னால் இருக்கும். அதன் முதுகில் ஒரு விசிறி. பெட்டியைப் பார்த்தேன். நெற்றியில் சந்தனம், குங்குமம். தோளில் பட்டுத்துணி. விசிறியை முழுசாக மூடிக்கொண்டு ஒரு கதம்ப மாலை. பெட்டி கொதித்துக்கொண்டிருந்தது. சூடு தாங்காமல் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது, நல்லவேளையாக அதற்காவது அந்தப் புத்தி இருந்தது. மாலையைக் கழற்றினேன், அது காற்று வாங்குகிற வழி ஆச்சி, அடைத்தால் மூச்சு முட்டும் என்றேன்.

"மாலை போட்டா மூச்சு முட்டுமா? எங்க வீட்டு மாப்பிள்ளைங்க யாருக்கும் முட்டலையே!"

கண் சிமிட்டும் முருகன்

பத்தாம் நாள் மாக் மண்டினில் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் வேலையாக இருந்தேன்; ஆச்சி ஆபீஸ் பக்கத்திலேயே இருந்தும் நாளைக்குப் போகலாம் என்று விட்டிருந்தேன். செல்வம் போன் பண்ணினான். குரலில் ஒரே பரவசம். டேஷ்போர்டில் முருகன் படம் வைத்து, சுற்றிலும் சின்னச் சின்ன கலர் விளக்கு மாலை போட்டிருக்கிறானாம். ரேடியோவில் பட்டனை அமுக்கிப் பேசும்போதெல்லாம் முருகன் கண்ணைச் சிமிட்டுகிறாராம். வேனில் வருகிற பெண்களெல்லாம் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள் என்றான்.

 விளக்குக்குக் கரண்டு எங்கேயிருந்து எடுத்தாய் என்று கேட்டேன். "உங்க வயர்லேர்ந்துதாண்ணே, நல்ல தடியா இருந்துச்சு" என்றான். விஷயம் இவ்வளவுதான்: பட்டனை அமுக்கினால் செட் நிறையக் கரண்டு இழுக்கும், பழைய பேட்டரி கொஞ்சம் தள்ளாடும், விளக்கு மங்கிப் பிரகாசிக்கும். அதைவிட மோசம், எங்கள் வயர் சாவியைக் கேட்காமல் பேட்டரியிலிருந்து நேராக வருவது. வண்டியை அணைத்தாலும் விளக்கு எரியும். முதலில் அந்த விளக்கைப் பிடுங்கு, பேட்டரி செத்துவிடும் என்று கத்தினேன். அவனுக்கு என் மேல் வருத்தம்தான் வந்தது.

"சாமிக்கு ஏத்துன விளக்கை அணைக்கச் சொல்றீங்களேண்ணே, உங்களுக்கு வாய் எப்படி வருது?"

ரெண்டும் செவப்புதாண்ணே

மறுநாளே பேட்டரி செத்துவிட்டது. மத்தியானம் பன்னிரண்டரைக்கு செல்வம் மாக் மண்டின் ஆபீசிலிருந்து போன் பண்ணினான். பேட்டரிக் கடைக்காரன் வந்து வேறு பேட்டரி மாட்டிவிட்டுப் போய்விட்டான், வண்டி ஜம்மென்று ஸ்டார்ட் ஆகிறது, ரேடியோ மட்டும் எரியவில்லை, முருகனுக்கும் விளக்கு இல்லை என்றான். நான் ஜார்ஜ் டவுனில் ஒரு கடைக் கூரையில் நின்றுகொண்டிருந்தேன். சீட்டைத் தூக்கிப் பார், மஞ்சள் டேப் சுற்றின வயர் பேட்டரியில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டேன். சீட்டைத் தூக்குகிற சத்தம் கேட்டது. பிறகு, "டேப்பு கீழே விழுந்து கெடக்குண்ணே, பிசுபிசுன்னு" என்றான்.

எனக்குத் தெரிந்துபோயிற்று. பேட்டரிக் கடைக்காரன் மாற்றி மாட்டியிருக்கிறான். பிளஸ் பியூஸ் போய்விட்டது. செட்டின் உடம்பு முழுக்க பிளஸ். இரண்டே திருகில் தொங்குகிறது. எங்காவது ஆடி இரும்பில் பட்டால் முடிந்தது கதை. அப்போதே நான், வண்டியை எடுக்காதே, ஆச்சியிடம் போனைக் கொடு என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று ஆச்சி கேட்பார். கேட்டால் பன்னிரண்டாவது பியூஸ் கதையைச் சொல்ல வேண்டும். நான் சொன்னதென்ன தெரியுமா? "அந்த ரெண்டு வயரையும் கழட்டிப் போடு" என்றேன். ஸ்பேனர் இல்லை, இரண்டு மணி ஷிப்டுக்குக் கெப்பாலா பத்தாஸில் பதினான்கு பேர் காத்திருக்கிறார்கள், இறக்கிவிட்டு வந்து கழற்றுகிறேன் என்றான். நானும், "சரி, மெதுவா போ, நான் வந்துடுறேன்" என்றேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

"ஏண்ணே பதர்றீங்க, ரெண்டும் செவப்புதாண்ணே, எது எங்க போனா என்ன?"

அரைகுறை வேலையின் புண்ணியம்

பெர்ரியில் மோட்டார் சைக்கிளோடு நின்றேன். கைப்பிடியில் அக்கா கட்டின பை பதினோரு நாளாக ஆடிக்கொண்டிருக்கிறது. கடல் அன்றைக்கு ரொம்ப அகலமாக இருந்தது. பட்டர்வொர்த்தில் இறங்கி, கெப்பாலா பத்தாஸ் ரோட்டில் பாதி தூரம் போயிருப்பேன், எதிர்ப்பக்கம் ஓரமாக வேன் நிற்பது தெரிந்தது. கதவெல்லாம் திறந்து கிடக்கிறது. யூனிபாரம் போட்ட பெண்கள் புல்லில் கூட்டமாக நிற்கிறார்கள். நடு ரோட்டில் வண்டியைத் திருப்பிக்கொண்டே எண்ணினேன். பதினான்கு. இன்னொரு தடவை எண்ணினேன், பதினான்குதான். 

ஒரு பள்ளத்தில் வேன் ஏறி இறங்கியிருக்கிறது. இரண்டு திருகில் ஒன்று கழன்று, செட் சாய்ந்து, டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கிற இரும்புப் பட்டையில் உட்கார்ந்துவிட்டது. சீட்டுக்கு அடியிலிருந்து புகை. செல்வம் ஓரங்கட்டி, எல்லாரையும் கத்தி இறக்கிவிட்டு, சீட்டைத் தூக்கி, பேட்டரிக் கிளம்பை வெறுங்கையால் பிய்த்து எடுத்திருக்கிறான். ஸ்பேனர் இல்லாமல் எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா? பேட்டரிக் கடைக்காரன் அவசரத்தில் நட்டை முடுக்காமல் கையால் திருகிவிட்டுப் போயிருக்கிறான். என் அரைகுறை வேலை பற்றவைத்ததை இன்னொருவனுடைய அரைகுறை வேலை அணைத்தது. செல்வத்தின் வலது உள்ளங்கை வெந்து கொப்புளித்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நடந்தது எதுவும் புரியாமல் அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான்.

"மன்னிச்சிருங்கண்ணே, உங்க செட்டைப் பாழாக்கிட்டேன்."

சாவி

மறுநாள் காலையில் ஆச்சி எல்லாரையும் ஆபீசுக்கு வரச் சொன்னார். ஆறு டிரைவர்களும் சுவர் ஓரமாக நின்றார்கள். மேசை மேல் அந்த வேனிலிருந்து எடுத்த சாமான்கள்: கருகிய வயர், செத்த செட், பாதி உருகிய விளக்கு மாலை. குற்றவாளி யார் என்று விளக்கு மாலையே சொன்னது. கேட்காமல் கொள்ளாமல் வயரில் கை வைத்தவன் செல்வம்தானே. பதினான்கு பெண்களின் உயிர் என்று ஆச்சி ஆரம்பித்தார். கோபத்தைவிட பயம்தான் குரலில் அதிகம். செல்வம் தலையைத் தூக்கவே இல்லை. அவனுக்கு மூன்று பிள்ளைகள், மூத்தது பாரம் பைவ் படிக்கிறது, பெரிய பரீட்சை வருஷம். ஆச்சி கையை நீட்டி, "சாவியைக் குடு" என்றார்.

நான் வாசல் பக்கமாக நின்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. விளக்கு மாலை மேலேயே பழியை விட்டுவிட்டால் என் தொழில் பிழைத்தது. ஆச்சி வேறொரு கம்பெனிக்கும் என்னைச் சிபாரிசு பண்ணுவதாக இருந்தார். செல்வம் கட்டுப்போட்ட கையை விட்டுவிட்டு, இடது கையால் சட்டைப் பையில் தடுமாறிச் சாவியைத் தேடி எடுத்தான். அது அவன் கையிலிருந்து ஆச்சி கைக்குப் போகிறவரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. பிறகுதான் திறந்தேன். விளக்கால் செத்தது பேட்டரி மட்டும்தான் ஆச்சி, தீ பிடித்தது என்னால் என்றேன். பன்னிரண்டாவது பியூஸ், இரண்டு திருகு, பதினோரு நாள், நேற்று போனில் நான் சொல்லாமல் விட்டது எல்லாவற்றையும் சொன்னேன்.  செல்வம் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை, தரையைப் பார்த்தேன்.

ஆச்சி சாவியைச் செல்வத்தின் இடது கையிலேயே திருப்பி வைத்தார். கை ஆறுகிறவரைக்கும் வீட்டில் இரு, சம்பளம் வரும் என்றார். அப்புறம் மேசை மேல் கிடந்த வயரை எடுத்து என் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் கருகி, சிவப்பு இருந்த அடையாளமே இல்லை.

"கறுப்பு ஆகாதுன்னு நல்ல செவப்பா பாத்து வாங்கிக் குடுத்தேன். நீங்க அதைக் கறுப்பாக்கிக் கொண்டாந்து காட்டுறீங்க."

பொட்டு

விரட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். விரட்டவில்லை. ஆறு வேனையும் பிரித்து மறுபடி மாட்டச் சொன்னார், கூலி கேட்கிற முகம் எனக்கும் இல்லை. டப்பாவில் வந்த வயரையே எடுத்துவந்தேன். சிவப்பு பிளஸுக்கு, கறுப்பு மைனஸுக்கு, பன்னிரண்டு வயருக்கும் பன்னிரண்டு பியூஸ், ஒவ்வொரு தாங்கிக்கும் நான்கு திருகு. இந்தத் தடவை கலா அக்காவும் கூடவே வந்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். ஆச்சி அக்காவை மட்டும் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். அப்புறம் குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு கறுப்பு வயரிலும் ஒரு பொட்டு வைத்தார். 

ஆறாம் நம்பர் வேனில் முருகனுக்கும் தனி வயர் இழுத்தேன். சாவியோடு எரிந்து சாவியோடு அணைகிற இடத்திலிருந்து, சின்னதாக ஒரு பியூஸோடு. செல்வம் கையில் கட்டோடு வந்து பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இனி பேசும்போது முருகன் கண் சிமிட்ட மாட்டார், வருத்தமா என்று கேட்டேன். இடது கையால் முருகன் படத்தை நேராக வைத்தான்.

"தாக் அப்பா அண்ணே. இனிமே நீங்க நாளைக்குன்னு சொன்னா மட்டும் சிமிட்டச் சொல்லிருக்கேன்."

ஊருக்கெல்லாம் பட்டனை அமுக்கினால் பேசுகிற பெட்டி மாட்டிக் கொடுக்கிற எனக்கு, நானே பேசவேண்டிய அன்றைக்கு மட்டும் பட்டன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பதினோரு நாளும் ஒரு பெர்ரியும் ஒருத்தன் உள்ளங்கையும் தேவைப்பட்டது.